விழுந்து எழுந்தவளுக்கு ஒரு சால்வை

சுகாசினி செருப்புக் காலோடு எங்கள் வீட்டுக்குள் வந்தாள் என்று சொன்னால் அது பொய். வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்தாள். அவள் மேல் எனக்கிருந்த ஆத்திரத்துக்கு, அப்படி ஒரு குற்றமாவது அவள் செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு தடித்த அட்டையை எடுத்து நீட்டினாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி பொன் எழுத்து. அத்தனையும் இங்கிலீஷ்.

"வடிவக்கா, நீங்க கண்டிப்பா வரணும். புதன்கிழமை காலையில பத்தரை மணி. சால்வையை நீங்கதான் போர்த்தணும்னு மாமா சொல்லிட்டாரு."

"யாருக்கு?"

"நம்ம எஸ்தருக்குத்தான்."

உள்ளே தறியில் இருந்த என் புருஷன் காசிநாதன் நாடாவை நிறுத்தினார். தறிச் சத்தம் நின்றதும் வீடு அசிங்கமாக அமைதியானது.

நம்ம எஸ்தராம். போன ஆடி மாதம் வரை அவள் இவர்களுக்கு 'சோப்புத் தண்ணிக்காரி'. சுகாசினியின் மாமனார் சிட்டிபாபுவுக்குப் பக்கத்துத் தெருவில் சாயப் பட்டறை இருக்கிறது. என் தம்பி ராமராஜன் அங்கே எட்டு வருஷம் வேலை பார்த்தான். எஸ்தரும் அவனும் ஒரே அடுப்பில். பச்சைப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பசை எடுக்கும் வேலை. ஆள் உயர அண்டா, அதன் கீழே மூன்று கால் இரும்பு முக்காலி. போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முக்காலியின் ஒரு கால் மடிந்தது. அண்டா கவிழ்ந்தது. எஸ்தருக்கு வலது கையும் கழுத்தும் வெந்தன. என் தம்பி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து ஞாயிற்றுக்கிழமை விடியும்போது செத்துப்போனான். இருபத்தேழு வயசு.

"இன்னா அவார்டு இது?" என்று கேட்டேன்.

"எங்க லேடீஸ் கிளப்ல வருஷா வருஷம் குடுக்கறதுக்கா. இந்த வருஷம் தீம், ரெசிலியன்ஸ்."

"அப்படின்னா?"

அவள் கையைக் கீழிருந்து மேலே தூக்கிக் காட்டினாள். "பந்து இருக்குது இல்ல, கீழ போட்டா மேல வருது பாருங்க. அந்த மாதிரி. வாழ்க்கையில எவ்ளோ அடி விழுந்தாலும் திரும்ப எழுந்து வர்றது. எஸ்தர் அவ்ளோ பெரிய காயத்துக்கு அப்புறமும் இப்ப வேலைக்குப் போயிக்கினு இருக்குது இல்ல, அதான்."

"என் தம்பி எழுந்து வரல."

சுகாசினியின் முகம் சுருங்கியது. எழுந்து, அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவளாகவே வைத்துவிட்டு, "கார் அனுப்பறோம்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் காசிநாதன் தறியிலிருந்தே சொன்னார். "போயிட்டு வா. ஒரு சால்வையைப் போர்த்தறதுல இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முக்காலியின் கால் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, முதலாளியிடம் சொல்லியும் மாற்றவில்லை என்று எஸ்தர் மனு எழுதிக் கொடுத்திருந்தாள். லேபர் ஆபீசில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் தெரியும். நான் மட்டும் தெரியாதவள் போலவே இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அவள் சொல்லிவிடுவாள், சிட்டிபாபுவின் மூஞ்சி கிழியும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று இத்தனை நாளாக நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அந்த வீட்டுச் சால்வை அவள் தோளுக்குப் போகிறது என்றால் என்ன அர்த்தம்?

அட்டையை எடுத்துக்கொண்டு கியாசுதீன் பாய் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், மனு டைப் அடிப்பது, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அவர்தான். முப்பது வருஷம் வக்கீல்களுக்கு டைப் அடித்தவர். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்து போடுவார். யாராவது இங்கிலீஷைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தால் தன் பாக்கெட்டில் யாரோ கை விட்டதைப் போலக் கோபப்படுவார்.

அட்டையைப் பார்த்ததுமே அவருக்குக் கோபம் வந்தது. "இதுக்கு வேற லஃப்ஸ், வேற வார்த்தை கெடைக்கலையா இவங்களுக்கு? ஸ்கூல்ல இது, பேங்குல இது, வெள்ளம் வந்தா இது. மதலப், அர்த்தம் தெரிஞ்சு ஒருத்தனும் சொல்றது இல்ல."

"பந்து மாதிரி எழுந்து வர்றதுன்னு சொன்னாங்க பாய்."

"பந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல." முதுகு கிழிந்த தடித்த அகராதியை இழுத்துப் பிரித்தார். விரலை ஓட்டி நிறுத்தினார். "லத்தீன்ல இருந்து வந்தது. சலீரேன்னா குதிக்கறது. முன்னாடி ரெ போட்டா, திரும்ப, பின்னால. பின்னால குதிக்கறது. மொதல் அர்த்தம் அவ்ளோதான். இதுல தைரியமும் இல்ல, தன்னம்பிக்கையும் இல்ல. நானூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் இதை எதிரொலிக்கு எழுதுனான். செவுத்துல மோதி சத்தம் திரும்பி வருதே, அதுக்கு."

"அப்பால?"

"அப்பால ஒரு இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல் கட்டற மரத்துக்கு எழுதுனான். எவ்ளோ பாரம் விழுந்தா மரம் வளைஞ்சு குடுத்து, பாரத்தை எடுத்ததும் பழையபடி நிமிரும்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல போனா நிமிராது. ஒடையும். மனுஷங்களுக்குச் சொல்றது எல்லாம் நேத்து வந்த பழக்கம்."

"பாரம் ஏத்துனவனைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லையா பாய்?"

பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இல்ல. மரத்தைப் பத்திதான் கணக்கு."

அதோடு விட்டிருக்கலாம். அவருக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விட மாட்டார். "இதே குடும்பத்துல இன்னொரு வார்த்தையும் இருக்குது. கோர்ட்டுல டெய்லி அடிச்சிருக்கேன். ரிசைல். சாட்சி மொதல்ல ஒண்ணு சொல்லிட்டு, அப்புறம் அதுல இருந்து பின்வாங்கிட்டா, தீர்ப்புல அந்த வார்த்தையைத்தான் போடுவாங்க."

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. அகராதி எனக்குச் சாட்சி சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். எஸ்தர் பின்வாங்கிவிட்டாள். அதற்குத்தான் சால்வை. பாய் என்னைத் திரும்பக் கூப்பிட்டார், நான் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கைக்குப் பஸ் ஏறினேன். எஸ்தரின் வீடு அங்கே ஆற்றுப் பக்கம் காலனியில். எட்டு வருஷம் என் தம்பியோடு வேலை செய்தவள். எத்தனையோ முறை எங்கள் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறாள். நான் ஒரு முறையும் அவள் தெருவுக்குப் போனதில்லை. வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அவளைக் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் வசவுதான்.

அவள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். வெள்ளைச் சேலை, முழுக்கை ரவிக்கை. கழுத்தில் துப்பட்டா மாதிரி ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். கழுத்தின் வலது பக்கம் முழுக்கத் தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. நான் பார்க்க வேண்டும் என்றே அவிழ்த்தாள்.

"உட்காருன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். முன்னெல்லாம் அக்கா என்று கூப்பிட்டவள். "தண்ணி வேணுமான்னும் கேக்க மாட்டேன். கேட்டா மட்டும் எங்க வீட்டுல குடிச்சுடவா போற?"

"நான் ஒண்ணும் விருந்துக்கு வரல. சால்வை வாங்கப் போறியாமே?"

"ஆமா. நீதான் போர்த்தப் போறியாமே. பாத்துப் போர்த்து. இந்தப் பக்கம் துணி பட்டா இன்னும் எரியுது."

"இன்னா குடுத்தாங்கடி உனக்கு? எதைப் போட்டு உன் வாயை அடைச்சாங்க? என் தம்பி உன் பக்கத்துல நின்னு வெந்து செத்தான். அவனை வித்துட்டு மேடையில போய் நிக்கப் போறியா?"

பக்கத்து வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எஸ்தர் சத்தம் போடவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். வலது கை விரல்கள் மடங்கியே இருந்ததால் இடது கையாலும் பல்லாலும் அதைத் திறந்து, ஒரு தாளை எடுத்து என் மேல் விட்டெறிந்தாள். அது தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க வேண்டியதாயிற்று.

"படி. வாய் விட்டுப் படி."

நான் வாய் விட்டுப் படிக்கவில்லை. ஜெராக்ஸ் தாள். 'எனது தம்பி ராமராஜன் வேலைக் களைப்பில் தானாகவே தவறி அண்டாவின் மீது சாய்ந்துவிட்டார். இதில் யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டறை உரிமையாளர் மீது புகார் எதுவும் இல்லை.' அதற்குக் கீழே கா.வடிவு என்று என் கையெழுத்து.

"நாலு தபா போயிட்டேன் அந்த ஆபீசுக்கு," என்றாள் எஸ்தர். "லீவு போட்டு, சம்பளம் போயி, நாலு தபா. ஒவ்வொரு தபாவும் அவங்க வக்கீல் இதைத்தான் எடுத்து வைக்கிறான். செத்தவனோட கூடப் பொறந்த அக்காவே இப்படி எழுதிக் குடுத்திருக்காங்க, நீ யாரும்மா அதுக்கு மேல சொல்றதுக்குன்னு கேக்கறான். நான் யாரு? பக்கத்துல நின்னு வெந்தவ. என்னைப் பொய் சொல்றவளா ஆக்குனது சிட்டிபாபு இல்ல. நீ."

பஸ்ஸில் தயார் செய்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எதுக்குப் போட்ட? இதை மட்டும் சொல்லு. எனக்கு ஒரு வருஷமா புரியல. அவங்க அடிச்சாங்களா? மிரட்டுனாங்களா?"

"அன்னிக்கு சாமி பொறப்பாடு," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு பூப்பல்லக்கு. தெருவில் சாவு விழுந்தால், பிணம் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சரி, அதை எடுக்கும்வரை சாமி கோயிலை விட்டுப் புறப்படாது. பிணத்தை எடுத்து, தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் பல்லக்கைத் தூக்குவார்கள். நாலு மணிக்குப் புறப்பாடு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அன்று விடியற்காலை என் தம்பி செத்தான். காலை எட்டு மணிக்கெல்லாம் தெருப் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் என் புருஷனும் ஒருவர், விழாக் கமிட்டிக்காரர். சிட்டிபாபு எழுதி எடுத்து வந்த தாளை நீட்டினார். புகார் என்று போனால் யாரெல்லாமோ வந்து பார்க்கணும், உடம்பு நாளைக்குத்தான் கிடைக்கும், இதில் கையெழுத்துப் போட்டால் மத்தியானமே கிடைக்கும் என்றார். உன் ஒருத்தி வீட்டுச் சாவுக்காக இருநூறு வீட்டுச் சாமி நிற்கணுமா வடிவு என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு உடம்பு வந்தது. ஒன்றரைக்கு எடுத்துவிட்டார்கள்.

எஸ்தர் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிந்ததும், "உங்க சாமி எங்க தெருவுக்கு வர்றது இல்ல," என்றாள். "அதனாலதான் எனக்குப் புரியாம போச்சு."

கோபம் எனக்குத் திரும்ப வந்தது. குற்றம் செய்தவளுக்குக் கோபம் வருவது சுலபம். "அதுக்காக அவங்ககிட்ட போய் அவார்டு வாங்குவியா? அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு? கியாசுதீன் பாய்கிட்ட கேட்டுட்டுதான் வந்திருக்கேன். பின்னால குதிக்கறதுன்னு அர்த்தம்."

"எனக்குப் பின்னால செவுரு இருந்துச்சு. எங்க குதிக்கறது?"

"வளைஞ்ச மரம் பழையபடி நிமிர்றதுக்கும் அதான் பேராம்."

அவள் வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஐந்து விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. இடது கையால் ஆள்காட்டி விரலைப் பிடித்து நிமிர்த்தினாள். விட்டாள். அது மறுபடியும் உள்ளே சுருண்டது. "இது நிமிருதா பாரு. இதை வெச்சுக்கினு ஒரு கம்பெனியில டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டறேன். ஒரு கையால. அதைத்தான் எழுந்து வந்துட்டேன்னு பேனர் அடிக்கிறாங்க."

"அப்ப போகாத."

"புதன்கிழமை பதினோரு மணிக்குக் கடைசி விசாரணை. அன்னிக்கே கேஸை மூடிடுவாங்க. பத்தரை மணிக்கு இவங்க ஃபங்ஷன் வெச்சிருக்காங்க. தெரியாம வெச்சுட்டாங்கன்னு நெனைக்கிறியா? எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன். அஞ்சாவது தபா போய் உன் கையெழுத்தைப் பாத்துட்டு வர்றதுக்கு, ஏசி ஹால்ல உக்காந்து பிரியாணி துன்னுட்டு வரேன். வேணும்னா நீ போ. கையெழுத்துப் போட்டவ நீதானே?"

கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டிப் பார்த்தவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. பஸ் நிறுத்தம் வரை அவர்கள் பார்வை என் முதுகில் இருந்தது. எனக்கு அவள் மேல் வெறுப்பு குறையவில்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை என்பதால் அது இன்னும் கூடியது.

திங்கட்கிழமை காசிநாதனிடம் சொன்னேன். புதன்கிழமை நான் ஹாலுக்குப் போகவில்லை, ஆபீசுக்குப் போகிறேன் என்று.

அவர் தறியை விட்டு இறங்கினார். "பைத்தியம் புடிச்சிருக்குதா? அன்னிக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னு நீயே போய்ச் சொன்னா உன்னைத்தான் மொதல்ல புடிப்பாங்க."

"புடிக்கட்டும்."

"எதுக்குப் போட்டன்னு கேப்பாங்க. சாமி பொறப்பாடுன்னு சொல்லுவியா? நாளைக்குப் பேப்பர்ல வரும். ஒரு பொணத்தைச் சீக்கிரம் எடுக்கறதுக்காக ஒரு தெருவே சேர்ந்து கேஸை அமுக்குச்சுன்னு. நம்ம தெரு மானம் போவும். சிட்டிபாபு நூல் குடுக்க மாட்டாரு. இந்தத் தறியில இன்னாத்தைப் போட்டு நெய்யறது?"

"நீங்களும்தான் அன்னிக்கு அங்க நின்னீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா அவன் திரும்பி வந்திருப்பானா?"

"ஆளாளுக்குத் திரும்பி வர்றதைப் பத்தியே பேசுங்க," என்று கத்தினேன். "அவளைத் திரும்பி வந்தான்னு சொல்லிச் சால்வை போடறீங்க, இவன் திரும்பி வர மாட்டான்னு சொல்லி என்னை உக்கார வைக்கிறீங்க. யாரு தள்ளிவிட்டதுன்னு மட்டும் எவனும் கேக்காதீங்க!"

அவர் அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. தெருவில் விஷயம் பரவிவிட்டது. குழாயடியில் கமிட்டிப் பெரியவர் வீட்டு அம்மாள், எனக்குக் கேட்கும்படியாகவே, தெய்வக் குத்தம் யாரையும் சும்மா விடாது என்று மருமகளிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிட்டிபாபுவே போன் செய்தார். அவர் குரல் எப்போதும் தேன்தான்.

"அம்மா வடிவு, நாளைக்குக் காலையில கார் வருது. ராமராஜன் என் பிள்ளை மாதிரி. நீ வந்து அந்தப் பொண்ணுக்குச் சால்வை போர்த்தினா அவன் ஆத்மா சந்தோஷப்படும்."

"உங்க பிள்ளையை அந்த முக்காலி பக்கத்துல நிக்க வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"சரேலே," என்று, 'சரிதான் போ' என்கிற மாதிரி, தெலுங்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கார் வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே பார்த்தது. நான் அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போய்ச் சேரும்வரை சுகாசினி பதினோரு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஆபீஸ் தாழ்வாரத்து பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்து அவளும் ஆச்சரியப்பட்டாள், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஹாலுக்குப் போகலையா?" என்றேன்.

"போனேன். வாசல்ல என் போட்டோ போட்டு பேனர் கட்டியிருந்தாங்க. வெந்த பக்கம் தெரியாத மாதிரி மூஞ்சியைத் திருப்பி எடுத்த போட்டோ. பாத்துட்டு வந்துட்டேன்." பிறகு வேகமாகச் சேர்த்துச் சொன்னாள். "உன்னை நம்பி ஒண்ணும் வரல."

உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிட்டிபாபுவின் வக்கீல் என்னைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். அதிகாரி என் தாளை எடுத்து மேஜையில் விரித்து, இது உங்கள் கையெழுத்தா என்றார்.

"என் கையெழுத்துதான் சார். அதுல எழுதியிருக்கறது பொய்."

வக்கீல் எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "அன்னைக்கு எழுதிக் கொடுத்தது பொய்னா, இன்னைக்குச் சொல்றது மட்டும் எப்படிம்மா உண்மை?"

பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அண்டா கவிழ்வதற்குப் பத்து நாளைக்கு முன்பு என் தம்பி எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டே, 'அக்கா, முக்காலிக் கால் விரிசல் வுட்டிருக்குது, மூணு தபா ஓனர்கிட்ட சொல்லிட்டோம், செங்கல்லை முட்டுக் குடுத்து ஓட்டுங்கடான்னு சொல்லிட்டாரு' என்று சொன்னதைச் சொன்னேன். நான் அதற்கு, பண்டிகை முடியட்டும், அப்புறம் வேறு பட்டறை பார்க்கலாம் என்று சொன்னதையும் சொன்னேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, காசிநாதனிடம்கூட. எஸ்தர் பின்னால் மூச்சை இழுத்தது கேட்டது. செங்கல் விஷயம் அவள் மனுவில் முதல் நாளிலிருந்தே இருந்தது என்று அதிகாரி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இவ்வளவு தெரிஞ்சும் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

புறப்பாட்டைச் சொன்னேன். உடம்பை எடுக்கும்வரை சாமி புறப்படாது என்பதைச் சொன்னேன். யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். பேர்களைச் சொன்னேன். என் புருஷன் பேரையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே போனார்.

"உடம்பை எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"ஒன்றரைக்கு சார்."

"சாமி எத்தனை மணிக்குப் புறப்பட்டுது?"

"நாலு மணின்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க."

"நோட்டீஸ் இருக்கட்டும். புறப்பட்டது எப்போ?"

ஒரு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. தெருவில் எல்லோருக்கும் தெரியும். காசிநாதனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் நாங்கள் யாரும் அதைப் பேசியதே இல்லை.

"எட்டரை மணி ஆயிடுச்சு சார்," என்றேன். "பூப்பல்லக்கு கொண்டாந்த வண்டி வழியில அச்சு முறிஞ்சு நின்னுடுச்சு. வேற வண்டி வர்றதுக்கு லேட்டாயிடுச்சு."

அதிகாரி தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஏழு மணி நேரம்," என்றார், யாரிடம் என்றும் இல்லாமல்.

நாற்காலி தரையில் தேயும் சத்தம் கேட்டது. எஸ்தர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்த ஏழு மணி நேரம் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்டாள்.

"கதவைச் சாத்திக்கினு உள்ள உக்காந்திருந்தேன். தீட்டு வீடு. சாமி போறப்ப நாங்க வெளிய வந்து பாக்கக் கூடாது. மேளச் சத்தம் மட்டும் கேட்டுச்சு."

அழுகை வந்துவிட்டது. என் தம்பிக்காக இல்லை. பார்க்கக்கூட முடியாத ஒரு சாமிக்காக அவன் சாவைப் பொய்யாக்கிவிட்டு, அந்தச் சாமி வரட்டும் என்று இருட்டில் காத்துக்கொண்டிருந்த என்னை நினைத்து அழுதேன்.

அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தயங்கினார். "இதெல்லாமும் எழுதணுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் எஸ்தர் சொன்னாள். "எழுதுங்க சார். ஒரு வார்த்தை வுடாம எழுதுங்க."